கையுறைக்குள் இருந்த இரண்டு விரல்கள்

என் ஆசை அண்ணன் தேவராஜுக்கு,

நீ தாத்தாவாகிவிட்டாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் மகள் பவிக்குப் பெண் குழந்தை. உன் மூக்கு, உன் நெற்றி. அழும்போது மட்டும் மாங்காட்டுச் சம்பந்தி வீட்டுக் குரல் வருகிறது. யாழினி என்று பேர் வைத்திருக்கிறோம். நீ இருந்திருந்தால் யாழு, கூழு என்று எதையாவது கூப்பிட்டு அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய்.

நல்ல சேதி சொல்லும்போதே இவள் குரலில் ஏதோ இருக்கிறதே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக எனக்கு ஒரே வேலை, மெஷினிலிருந்து கைக்கு வருகிற பீஸை எல்லாம் சந்தேகப்படுவது. அளவு சொல்கிற கேஜில் விட்டுப் பார்ப்பேன். சரியாக இருந்தால் டிரேயில் போடுவேன், தப்பாக இருந்தால் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி. சரியா தப்பா என்று சொல்ல முடியாததை மஞ்சள் சீட்டு கட்டித் தனியாக வைப்போம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடுவதில்லை. பால்காரர் சிரித்தால்கூடப் பாலை ஒருமுறை ஊற்றிப் பார்ப்பேன்.

"இவ கொயந்தயக் கைல குடுத்தாக்கூட கேஜ் வெச்சுத்தான் பார்ப்பா" என்று நீ எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாயே. அப்படித்தான் ஆகிப்போனது அண்ணே.

முப்பதாம் நாள் பேர் வைக்க மாங்காட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். கோவில்பதாகையில் உன் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தோம். நல்ல கத்திரி வெயில். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்களே விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த வெக்கையில் குழந்தையின் இரண்டு கையிலும் துணிக் கையுறை. நகம் முகத்தைக் கீறிவிடும் என்றாள் பவி. நகத்தை வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்டேன். இப்போது வெட்டக் கூடாதாம் அத்தை என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தொட்டில் கயிற்றைப் பார்த்தாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை சதீஷ் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். சாமி படத்துக்கு முன்னால் கும்பிடும்போதும் கழற்றவில்லை. ஒரே வீட்டில், அந்த வெயிலில், இரண்டு உறை. நான் இரண்டையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

குழந்தைக்குத் தாய்வழித் தாத்தா போட வேண்டிய மோதிரம் ஒன்று இருக்கிறதல்லவா. அவர் இருந்தால் அவர் போட்டிருப்பார், அவர் கூடப் பிறந்தவள் நீ போடு என்று அண்ணி அதை என்னிடம் கொடுத்தார். நான் குழந்தையின் வலது கையைப் பிடித்தேன். கையுறைக்கு மேலேயே போட்டுவிடுங்கள் அத்தை என்று பவி கெஞ்சினாள். கையுறைக்கு மேல் யாராவது மோதிரம் போடுவார்களா? எனக்கு அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. ஒரே இழுப்பில் கையுறையைக் கழற்றிவிட்டேன்.

நடுவிரலும் மோதிர விரலும் ஒன்றாக ஒட்டியிருந்தன அண்ணே. நுனிவரைக்கும் தோல். இரண்டு நகமும் பக்கத்தில் பக்கத்தில். அந்தக் கூடம் முழுக்க அதைப் பார்த்தது. பவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மோதிரம் என் கையிலேயே இருந்தது.

ஏன் இழுத்தேன் என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். நீ கம்பெனி பஸ் ஓட்டிய காலத்தில் காலரைச் சுற்றி ஒரு கர்ச்சீப் எப்போதும் இருக்கும். டிரைவர்கள் எல்லோரும்தான் கட்டிக்கொள்கிறார்கள், வேர்வைக்கு. கடைசி வருஷம் வீட்டுக்கு வந்தாலும் அதைக் கழற்றாமல் இருந்தாய். உடம்பு இளைத்தது, சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாய், பனியன் நனைந்துபோகிற அளவு வேர்த்தது. அண்ணன் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்று உன் வாயை முகர்ந்து பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. நீ அதைக் கவனித்தாய். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாய்.

வாயை முகர்ந்தவள் கழுத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்த பிறகுதான் கர்ச்சீப் வேலைக்கு ஆகாமல் போனது. அன்றைக்கு முடிவெடுத்தேன், இனிமேல் யார் எதை மூடி வைத்திருந்தாலும் திறந்து பார்க்காமல் விடுவதில்லை என்று. அதற்குப் பலியானது உன் மகள்.

பிறகு நடந்ததைக் கேள். சம்பந்தியம்மா மல்லிகாதான் முதலில் ஆரம்பித்தார். லட்டுத் தட்டைக் கீழே வைத்தார். கிரகணத்தன்று எங்கே போயிருந்தாள் என்று பொதுவாகக் கேட்டார். பவிக்கு எட்டாம் மாசத்தில் ஒரு சந்திர கிரகணம் வந்தது, நிலா எழும்போதே பிடித்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி வெளியே தலைகாட்டக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். இவள் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போயிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மா பார்த்திருக்கிறார். பார்த்ததை அன்றைக்குச் சாமியானாவில் உட்கார்ந்து சொல்லியும் விட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேன் ஏறும்போது அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டார், பெண்ணின் அப்பா எதில் போனார் என்று. கேன்சர் என்று யாரோ சொன்னார்கள். ஓ என்றார். அந்த ஓ எனக்குப் பிடிக்கவில்லை அண்ணே. செத்துப்போன உன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. குழந்தையையும் தாயையும் எப்போது அழைத்துப் போவீர்கள் என்று அண்ணி கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மல்லிகா வேன் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் போன் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் தினம் வேலைக்குப் போகும் வழியில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். அதையும் நான் சந்தேகப்பட்டேன். ஒட்டிய விரலைப் பார்த்து எல்லோரும் அதிர்ந்தபோது இவர் முகம் மட்டும் மாறவேயில்லையே, ஏன்? பவியைக் கேட்டால் உங்களுக்கு வேற வேலை இல்லையா அத்தை என்றாள். நியாயமான கேள்விதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். அந்தப் பரவாயில்லையை நான் நம்பவில்லை.

முகப்பேரில் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். மாப்பிள்ளைதான் விசாரித்து நேரம் வாங்கினார். நானும் கூடப் போனேன். அண்ணிக்கு முட்டி வலி, வீட்டிலேயே இருந்துவிட்டார். அங்கே போனால் நமக்கு முன்னால் மல்லிகா வந்து உட்கார்ந்திருக்கிறார், மடியில் அம்மன் குங்குமப் பொட்டலம். குழந்தை நெற்றியில் வைத்துவிட்டு, டாக்டர் என்ன சொல்கிறார் என்று தன் காதால் கேட்க வேண்டும் என்றார். அதாவது நம்மை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை, கணக்கு சரியாகப்போனது.

டாக்டரம்மாவுக்கு எனக்கு மகளாகிற வயசுதான் இருக்கும். குழந்தையின் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு தனித்தனியாகத்தான் இருக்கிறது, தோல் மட்டும் பிரியவில்லை, ஒரு வயசுக்கு மேல் பிரித்துவிடலாம் என்றார். பிறகு அவர் சொன்னதை உனக்கு அப்படியே சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் எல்லோருக்கும் கை முதலில் வாத்துக்கால் மாதிரி ஒரே தகடாகத்தான் உருவாகிறதாம். உனக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்ததாம். விரல் வருவது எதுவும் புதிதாகக் கூடுவதால் அல்ல, இடையில் இருக்கிற செல்கள் நாள் பார்த்துத் தாங்களே செத்துப்போவதால்தானாம். அவை போன இடம்தான் விரல் இடுக்கு. இந்தக் குழந்தைக்கு அந்த ஒரு இடுக்கில் சாக வேண்டிய செல்கள் சாகாமல் தங்கிவிட்டன.

எங்கள் கம்பெனியில் அடித்து வருகிற பீஸில் ஓரமெல்லாம் பிசிறு இருக்கும். உட்கார்ந்து அரம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். தானாக உதிர்கிற பிசிறை நான் பார்த்ததில்லை. அந்தச் செல்களைச் சாகச் சொல்வது யார் என்று கேட்டேன். அவற்றுக்குள்ளேயே அந்த ஏற்பாடு இருக்கிறது, பக்கத்துச் செல்களிடமிருந்து சைகை வந்ததும் தன்னைத் தானே சின்னச் சின்னத் துண்டாக்கிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவை அதை விழுங்கிவிடும், வீக்கமோ சீழோ வராது என்றார். திட்டமிட்ட செல் மரணம் என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்களாம்.

திட்டம் போட்டுச் சாவு, பிணத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்களே விழுங்கிவிடுகிறார்கள், தடயமே கிடையாது. அம்பத்தூரில் இப்படி ஒன்று நடந்தால் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இப்போது இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் உடம்பில் அது நடந்துகொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தினமும் கோடிக்கணக்கில். பழசாகிப்போனது, அடிபட்டது, உள்ளே இருக்கிற மரபணு எழுத்து கெட்டுப்போனது எல்லாம் தாங்களாக விலகிக்கொள்ளும். அளவுக்கு மேல் செத்தாலும் வம்புதான், மூளையில் அப்படி ஆனால் நினைவு மங்கிப்போகிற வியாதிகள் வருகின்றன. சாக வேண்டியது சாகாமல் தங்கிப் பெருகினால் அது ஒரு வம்பு.

அந்த இடத்தில் மல்லிகா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணோட நைனா கேன்சர்ல போனாரு. அந்த ரத்தந்தான் கொயந்த கைல வந்து நிக்குதா டாக்டரம்மா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பவி தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொல்லட்டுமா அண்ணே? கேட்டது மல்லிகாதான், ஆனால் அதே கேள்வி என் வயிற்றிலும் இருந்தது. உனக்கு வைத்தியம் பார்த்தவர்களும் இதையேதானே சொன்னார்கள், கழுத்து நெறிக்கட்டியில் இருக்கிற வெள்ளை அணுக்களில் சில, போக வேண்டிய நேரத்தில் போகாமல் பெருகிவிட்டன, மருந்து கொடுத்து அவற்றைப் போக வைக்க வேண்டும் என்று. அந்த மருந்துக்கு முதலில் போனது உன் தலைமுடி. உன் கழுத்தில் சாகாததும், உன் பேத்தி கையில் சாகாததும் ஒரே வரியில் வந்து நிற்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வராது?

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வேலை ஒன்றுதான், ஆனால் அது எந்த இடத்தில், எதனால் கெட்டது என்பது வேறு வேறு. பவியின் அப்பாவுக்கு வந்தது வயசான பிறகு சில செல்களில் மட்டும் வந்த கோளாறு, அது பேத்தியின் விரலுக்கு வரவில்லை. நான் விடவில்லை. நல்லவர்கள் ஆறுதலுக்கும் இப்படிச் சொல்வார்கள் இல்லையா. எங்கள் லைனில் ஒரு பீஸ் தப்பாக வந்தால், தப்பு எந்த மெஷினில் ஏறியது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. விரல் பிரிகிற வேலை எந்த மாசத்தில் முடிகிறது என்று கேட்டேன்.

இரண்டாம் மாசம் முடிவதற்குள் என்றார்.

எட்டாம் மாசத்துக் கிரகணம் அத்தோடு ஓடிப்போனது. இரண்டாம் மாசம் பவி எங்கே இருந்தாள்? மாங்காட்டில், மல்லிகாவின் வீட்டில், அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டு. அதை அந்த அறையில் உரக்கச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அதற்குள் டாக்டரம்மா அடுத்ததைக் கேட்டார். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும், சிலருக்கு யாருக்கும் இல்லாமலும் வரும், உங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்காவது கை விரலோ கால் விரலோ ஒட்டியிருக்கிறதா என்று.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தோம். மாப்பிள்ளை மட்டும் ஷூவும் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தார். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியானா போட்ட அன்றைக்கு மனசில் குறித்துவைத்த இரண்டாவது உறை எனக்குத் திறந்துவிட்டது.

தம்பி, அந்தச் சாக்ஸைக் கொஞ்சம் கழற்றுங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் பக்கம் ஜெயித்திருக்கும். உன் பேரில் விழுந்த புள்ளி துடைக்கப்பட்டிருக்கும், மல்லிகாவின் முகம் தொங்கியிருக்கும். ஆனால் பவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையுறையை இழுத்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நான் என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணில் பட்ட தப்பை நான் சொல்லாமல் விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மல்லிகாதான் பேசினார். என்னையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை, குங்குமப் பொட்டலத்தைப் பார்த்துப் பேசினார்.

"என் புள்ளைக்குக் கால்ல கீதும்மா. ரெண்டு கால்லயும். இவன் வயித்துல இருக்கசொல்லவும் ஒரு கிரகணம் வந்துச்சு. நீ வெளிய போயிருப்பேன்னு என் மாமியார் சொன்னாங்க. நான் போவல. ஜன்னலுக்குக்கூட போர்வைய மாட்டிகினு உள்ளயே குந்திகினு இருந்தேன். ஆனா சொல்லிச் சொல்லி, ஒருவேள போயிட்டேனோன்னு எனக்கே ஆயிப்போச்சு."

கோயில் குளத்தில் கால் நனைக்கும்போதுகூடப் பையனுக்குச் சாக்ஸ் போட்டுவிட்டுத்தான் கூட்டிப் போவாராம். உறவுக்காரர்கள் கண்ணில் பட்டால் பழைய பேச்சு மறுபடி கிளம்பும் என்று பயம். கல்யாணம் ஆனதும் பவிக்குத் தெரிந்தது, அவளும் சேர்ந்து மூடிக்கொண்டாள். குழந்தைக்குக் கையுறை வாங்கி வந்ததும் மாப்பிள்ளைதான்.

டாக்டரம்மா மல்லிகாவின் கையைத் தொட்டார். "நீங்க வெளியவே போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதும்மா."

"போயிருந்தாக்கூடவா?"

"போயிருந்தாக்கூட."

மல்லிகா அதற்குப் பிறகு அழுதார் அண்ணே. இத்தனை வருஷமாகச் செய்யாத தப்புக்கு அவரை அவரே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. தன் மேல் விழுந்த பழி வேறு ஒருத்தி தலைக்கு மாறினால் போதும் என்று நினைத்திருக்கிறார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மட்டும் வேறு மாதிரி நடந்திருப்பேனா? மாப்பிள்ளை குனிந்து தானாகவே ஷூவைக் கழற்றினார், பிறகு சாக்ஸை. பெருவிரலுக்கு அடுத்த இரண்டும் ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் மாதிரி சேர்ந்திருந்தன. டாக்டரம்மா பார்த்துவிட்டு, நடக்கத் தொந்தரவு இல்லாததால் இதை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். யாழினிக்கு இது இந்த வழியில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகமாம்.

வெளியே படியில் இறங்கும்போது மல்லிகா என் பக்கத்தில் வந்தார். மோதிரம் கையில் இருக்கிறதா என்று கேட்டார். பையிலேயேதான் இருக்கிறது என்றேன்.

"பத்திரமா வெய்யி. ஆபரேஷன் முடிஞ்சு அந்த வெரல்லயே போடு. வர்ற மாசம் கொயந்தயக் கூட்டிகினு போறோம். எங்க ஊட்ல இனிமே யாரும் கையொற மாட்ட வேணாம்."

அதையும் நான் ஒரு நொடி சந்தேகப்பட்டேன். பிறகு அவர் குழந்தையின் கையுறையைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்து நம்பினேன். ஷேர் ஆட்டோவில் எல்லோரும் பார்க்கும்படி அந்தக் கை வெளியே இருந்தது.

ஆக, உன் மேல் பழி இல்லை அண்ணே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் இன்னொன்று மிச்சம் இருக்கிறது. எல்லோரும் கிளம்பிய பிறகு, பையை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி நான் மறுபடி உள்ளே போனேன். கழுத்துக் கட்டியை ஆறு மாசம் முன்னால் பார்த்திருந்தால் என் அண்ணன் இருந்திருப்பானா என்று கேட்டேன். அது தன் துறை இல்லை என்றார். இருந்தாலும் சொல்லுங்கள் என்றேன். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், இப்போது யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார்.

அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சரியென்று டிரேயிலும் போட முடியவில்லை, சிவப்புப் புள்ளியும் வைக்க முடியவில்லை. மஞ்சள் சீட்டு கட்டித் தனியாக வைத்திருக்கிறேன். நீ அந்தக் கர்ச்சீப்பை வேர்வைக்குத்தான் கட்டினாயா? கட்டியை மறைக்கக் கட்டினாயா? நான் வாயை முகர்ந்து பார்த்த கோபத்தில், இவளிடம் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாயா? கடைசிக் கேள்வி உனக்கு அல்ல, எனக்குத்தான் என்று தெரியும்.

வாக்கு ஒன்று கொடுக்கிறேன். சந்தேகப்படுவதை விட்டுவிடுவேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய். அது முடியாது. ஆனால் இனி யார் மூடியதையும் பிடித்து இழுக்க மாட்டேன். யாழினி விரல் பிரிந்து கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு நான் வாசலில் நிற்பேன், பவி கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போவேன், உன் மோதிரத்தோடு. அப்புறம், எஸ்டேட் பஸ்ஸில் ஏறும்போது எந்த டிரைவர் கழுத்தில் கர்ச்சீப்பைப் பார்த்தாலும் பக்கத்தில் போய், "அண்ணே, கழுத்துல இன்னா, வலிக்குதா?" என்று கேட்கிறேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். உன்னிடம் ஒரு தடவைகூட அப்படிக் கேட்கவில்லை.

உன் கூடப் பிறந்தவள்,
யாழினியின் அத்தைப் பாட்டி,
கஸ்தூரி
அம்பத்தூர்